பணிமனையின் ஒற்றை மரம்

பேருந்து கழுவுபவர், பணிமனையின் ஒரே மரத்தில் ஓர் இலையை உள்ளங்கையில் ஏந்தி ஈரத்துணியால் துடைக்கிறார். மேலே படிந்த கரி வெயிலை மறைக்க, இலை உணவு சமைப்பது குறைகிறது. அடியிலுள்ள நுண்துளைகளும் அடைபடுகின்றன. பசித்த இலை சேமிப்பைக் கரைத்துத்தான் மூச்சுவிடுகிறது. பாதிக் கிளைகள் மொட்டை. எதிரே, எஞ்சினை ஓடவிட்டபடி ஓட்டுநர் ஜன்னலில் சாய்ந்திருக்கிறார். நாள் முழுக்கக் கழுவுபவரோடு பேசுகிறவர் அவர் ஒருவர்தான். "என்னண்ணே, மரத்துக்கு முகம் கழுவியாச்சா? அப்படியே பவுடரும் போட்டு விடுங்க!" "எஞ்சினை அணைச்சிட்டுப் பேசுப்பா. புகையெல்லாம் இது மேலதான் வருது." "அணைச்சா திரும்ப ஸ்டார்ட் ஆகாதுண்ணே. வேணும்னா கிளம்பிடறேன்." துடைத்த இலையில் மறுபடி கருமை படர்கிறது. கழுவுபவர் அதையே பார்க்கிறார். "கிளம்புப்பா." பேருந்து வாசலைத் தாண்டிப் போகிறது. அதன் இரைச்சல் முழுக்கத் தேயும்வரை காத்திருந்து, அடுத்த இலையைத் திருப்புகிறார்.