இருட்டில் இரண்டு கிலோ

மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் கரண்ட் போய் லிஃப்ட் நின்றது. ஹைசமுக்கு உடனே பசித்தது.

காலையில் எழுந்ததே பதினோரு மணிக்கு. எழுந்தவனை அம்மா அப்படியே கடைக்கு விரட்டியிருந்தாள். அக்கா லமீஸைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், சம்மதம் சொல்லிப் பாத்திஹா ஓதியதும் கொடுக்க இரண்டு கிலோ ஹலாவா இனிப்பு வேண்டும்.

நண்பர்கள் இல்லாமல் தனியாகப் போகிற வழக்கம் அவனுக்கு இல்லை. பெட்டியைச் சுமக்கப் பக்ரி, கதவைத் திறக்க உமைர், மேற்பார்வைக்கு ஹைசம்.

இனிப்போடு திரும்பி வந்தபோது படியேறலாம் என்றுதான் பக்ரி சொன்னான். ஏழு மாடி. ஹைசம் அவனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு லிஃப்டுக்குள் நுழைந்தான்.

அவர்களோடு இன்னொருவரும் ஏறியிருந்தார். சாதாரணச் சட்டை, கனத்த மீசை, மேலெல்லாம் சிகரெட் நாற்றம். நாலாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவராக இருக்கும்.

இப்போது ஒன்றும் தெரியவில்லை. உமைரின் போனில் சார்ஜ் இல்லை. ஹைசமின் போன் கட்டிலிலேயே கிடந்தது. பக்ரியின் இரண்டு கையிலும் பெட்டி. மீசைக்காரரும் பையைத் தடவிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

இனி தெருவுக்கே கரண்ட் கொடுக்கும் ஜெனரேட்டர்காரர் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து போட்டால்தான் உண்டு.

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருப்பாங்கடா,” என்றான் பக்ரி.

“உக்காரட்டும். பாலாடை வெச்ச பண்டம்டா இது. இந்தப் புழுக்கத்துல புளிச்சுதுன்னா எங்க குடும்ப மானமே போயிடும். ஒண்ணே ஒண்ணு தின்னு பாத்துடலாம்.”

பெட்டி திறந்தது. பன்னீர் வாசனை லிஃப்ட் முழுக்க நிறைந்தது.

இருட்டில் மெல்லும் சத்தம்.

“புளிச்சிருக்கா?” என்றது கனத்த குரல்.

“இல்ல மாமா. ஆனா ஒண்ண வெச்சு எப்படிச் சொல்றது?”

“அதுவும் சரிதான். இந்தப் பக்கம் நீட்டு தம்பி.”

கைகள் பெட்டிக்குள் முட்டிக்கொண்டன. மீசைக்காரர் நல்ல மனிதராகத் தெரிந்தார். அந்நியர் என்ற கூச்சம் போய் ஹைசம் வீட்டுக் கதையை அவிழ்த்தான். அக்காவுக்கும் நிசாருக்கும் ஒருவரையொருவர் ரொம்பப் பிடிக்கும். நிசாரின் அப்பாதான் மசிய மாட்டேன் என்கிறார். இரண்டு தடவை வருவதாகச் சொல்லிவிட்டு வரவே இல்லை. மூன்றாவது தடவையும் கைவிரித்துவிட்டால் லமீஸ் தாங்கமாட்டாள்.

“அவ்வளவு கறாரா அந்த ஆளு?”

“நான் பாத்ததில்ல மாமா. மூஞ்சி வினிகர் குடிச்ச மாதிரியே இருக்குமாம். அக்கா சொன்னா.”

மீசைக்காரர் தொண்டையைச் செருமினார். பிறகு, “பெட்டி எங்க?” என்றார் அவர்.

விளக்கு எரிந்தது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி ஏறத் தொடங்கியது.

நான்கு பேரும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். அடியில் கொஞ்சம் பாகும் ஒரு பிஸ்தாப் பருப்பும் மட்டும் இருந்தன.

பக்ரி மூன்று தின்றதாகச் சத்தியம் செய்தான். உமைர் இரண்டு. ஹைசம் மனதறிந்து ஐந்து. கூட்டிப் பார்த்தால் கால் கிலோகூடத் தேறவில்லை.

மூன்று பையன்களும் மெதுவாகத் தலையைத் திருப்பினார்கள்.

அவர் கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தார்.

ஏழாவது மாடியில் கதவு திறந்ததும், “நீங்க போங்கப்பா,” என்று கர்ச்சீப்பைத் தேடினார்.

கூடத்தில் விருந்தாளிகள் நிறைந்திருந்தார்கள். அம்மா பெட்டியை வாங்கித் திறந்தாள். காபித் தட்டோடு நின்ற லமீஸின் முகம் வெளுத்தது.

“யார்டா தின்னது?” என்றாள் அம்மா.

அப்போது அவர்களுக்குப் பின்னால் வாசல் கதவு தள்ளப்பட்டது.

“ஒரு சிகரெட் புடிக்க இவ்வளவு நேரமா?” என்றாள் சோபாவில் இருந்த மாப்பிள்ளையின் அம்மா. பிறகு லமீஸின் அம்மாவிடம் திரும்பிச் சொன்னாள்: “இனிப்புக்காக மனசு சங்கடப்படாதீங்க. எங்க வீட்டுக்காரர் அதைத் தொட்டே மூணு வருஷமாச்சு. சர்க்கரை. டாக்டர் விஷம்னு சொல்லிட்டாரு.”

உள்ளே வந்த மீசைக்காரர் வாசலிலேயே நின்றார். முகம் வினிகர் குடித்த மாதிரி இல்லை. காய்ச்சல்காரன் முகம்போல இருந்தது.

ஹைசம் அவரைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். விரலை நீட்டிவிட்டால் தப்பித்துவிடலாம். பக்ரி வாயைத் திறக்கப் போனான். ஹைசம் அவன் காலை மிதித்தான்.

“நான்தாம்மா. எல்லாத்தையும் நானே தின்னுட்டேன்.”

“ரெண்டு கிலோவையுமா?”

“பசிச்சுது.”

அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அதுதான் அவனுக்கு வலித்தது. அப்பா செருப்பைத் தேடினார். லமீஸ் காபித் தட்டை வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“நிறுத்துங்க,” என்றார் நிசாரின் அப்பா.

எல்லோரும் திரும்பினார்கள்.

“தப்பைத் தன் தலையில போட்டுக்கற பையனை இந்தக் காலத்துல எங்க பாக்க முடியுது? இப்படிப் புள்ளைய வளத்த வீட்டுல சம்பந்தம் வெச்சுக்க நான் குடுத்து வெச்சிருக்கணும். எனக்குச் சம்மதம். பாத்திஹா ஓதலாம்.”

நிசார் தன் அப்பாவை யாரோபோல வெறித்துப் பார்த்தான். பெண்கள் குலவையிட்டார்கள். லமீஸ் அழுதுகொண்டே சிரித்தாள். அந்த மனிதருக்கு எவ்வளவு பெரிய மனசு என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் நேராக ஹைசமிடம் வந்து, அத்தனை பேர் முன்னிலையில் அவனை மார்போடு இறுக அணைத்துக்கொண்டார்.

அணைத்தபடியே அவன் காதுக்குள் கேட்டார்:

“எந்தக் கடை தம்பி?”