எடை பார்க்கும் நாள்

“கம்மலையும் கழட்டிடட்டா?”

வாட்சும் வளையலும் ஏற்கெனவே கைப்பைக்குள் போய்விட்டன. வெறுங்காலோடு மெஷின் முன்னால் நின்றாள் ஷிஜா. மெஷினைக் கொண்டுவந்திருந்த ஆர்ஷா, அதெல்லாம் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

கழக்கூட்டம் என்ற ஊரில் ஷிஜா வேலை பார்க்கும் ஐ.டி. கம்பெனி நடத்தும் மூன்று மாதக் கொழுப்புக் குறைப்புப் போட்டி. யாருக்குக் கொழுப்புச் சதவீதம் அதிகம் குறைகிறதோ, அவருக்கு ஒரு வாரம் சம்பளத்தோடு லீவு. கப்பலில் வேலை பார்க்கும் கணவன் செல்வகணேஷ் ஓணத்துக்கு வருகிறான். ஷிஜா கையில் மிச்சமிருந்ததோ அரை நாள் லீவு.

ஆனால் எடை மெஷின் என்றாலே அவளுக்குப் பயம். எட்டாம் வகுப்பில் டீச்சர் அவள் எடையை உரக்க வாசித்த நாளிலிருந்து ஆஸ்பத்திரியில்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறுவாள். இரண்டு வாரமாக ராத்திரிச் சாப்பாடு வெள்ளரிக்காய் மட்டும். அவள் மட்டுமா? மேனேஜர் சேஷன் பெல்ட்டைக் கழற்றி வைத்து, பேன்ட்டை ஒரு கையால் பிடித்தபடி ஏறி இறங்கியிருந்தார்.

எடையில் தண்ணீர், தசை, எலும்பு எல்லாம் அடக்கம், மொத்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம் என்று ஆர்ஷா பொறுமையாக விளக்கினாள். ஷிஜாவின் காதில் எதுவும் ஏறவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

கொழுப்பு இருபத்தாறு சதவீதம். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அடுத்து நாகலக்ஷ்மி. ஸ்ரீவராகத்திலிருந்து வரும் சின்னப் பெண். இரண்டு வாரமாகப் பாயசம் இருந்த இடத்திலெல்லாம் அவளும் இருந்தாள். இன்று காலை கேன்டீனில் இரண்டு நெய்ரோஸ்ட்டை ஒரு கை பார்த்துவிட்டு, நிதானமாக வந்து ஏறினாள்.

முப்பத்தைந்து.

ஒரு கைகூடத் தட்டவில்லை. சேஷன் ஜன்னல் வழியே ஹைவேயைப் பார்த்தார். ஷிஜாவுக்கு மனசு கேட்கவில்லை. அவளைத் தனியே அழைத்துப்போய்த் தோளில் கை வைத்தாள்.

“போட்டும் மோளே. ஒரு நம்பர்தானே. சங்கடப்படாதே, கேட்டோ.”

“எனக்கென்ன சங்கடம் சேச்சி? உங்களை நெனைச்சாத்தான் பாவமா இருக்கு,” என்றாள் நாகலக்ஷ்மி. “போட்டியே இன்னிக்குத்தானே ஆரம்பம். இனிமே நீங்க எதைக் குறைக்கப் போறேள்?”