கண்ணால் பார்த்த ஒருவர்

"மெடல் எல்லாம் சரிதான்க்கா. பழைய சாமான் கடைக்குப் போனா நான்கூட நாலு வாங்கிக் குத்திக்கலாம்," என்றார் படைவீரர் கல்லறைத் தோட்டத்தின் அதிகாரி.

மகள் திரும்பிப் பார்த்தாள். வாசலில் வண்டி நிற்கிறது. வண்டிக்குள் அப்பா, தொண்ணூற்றாறு வயது வரை ஓடியாடிய களைப்பு தீரப் படுத்திருக்கிறார்.

"எங்கப்பா யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"விசில் தாத்தாவைத் தெரியாமலா? அவர் விசில் ஊதித்தான் நானே ரோடு தாண்டி ஸ்கூலுக்குப் போனேன்." அதிகாரியின் குரல் இறங்கியது. "விசில் ஊதினதுக்கு நானே சாட்சி சொல்லுவேன்க்கா. துப்பாக்கி பிடிச்சதுக்கு யார் சொல்றது?"

படைப்பிரிவின் ஆவணங்கள் எப்போதோ ஒரு தீவிபத்தில் சாம்பலாகிவிட்டன. அதனால் போர்க்களத்தில் இவரைக் கண்ணால் பார்த்த ஒருவர் நேரில் வந்து சொன்னால்தான் இங்கே இடம். சாயங்காலம் தோட்டத்தைப் பூட்டிவிடுவார்கள். உடலை நாளை வரை வைத்திருக்கவும் முடியாது. அப்புறம் பொது மயானம்தான்.

"கூட இருந்தவங்க எல்லாம் எப்பவோ போய்ச் சேர்ந்தாச்சு. ரொம்ப நாள் உயிரோட இருந்தது எங்கப்பா செஞ்ச தப்பா?" என்று வெடித்தாள்.

போரிலிருந்து திரும்பியதும் தண்ணீர் லாரி ஓட்டினார் அப்பா. வெள்ளம் வந்தபோது அதே லாரியின் தலையில் பாதித் தெருவை ஏற்றிக்கொண்டு வந்தார். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மாட்டாமல் விசிலும் கையுமாகப் பள்ளிக்கூட முனையில் போய் நின்றுகொண்டார். யாரும் நிற்கச் சொல்லவில்லை.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மேட்டுச் சண்டையில் விழுந்த கூட்டாளிகள் ஐந்து பேரும் இந்தத் தோட்டத்தில்தான் வரிசையாகக் கிடக்கிறார்கள். ஞாயிறு தவறாமல் வந்து புல் பிடுங்கி, அவர்களோடு வம்பளந்துவிட்டுப் போவார். "பக்கத்துல ஒரு இடம் காலியா இருக்கும்மா. என்னை வேற எங்கயும் போட்டுடாத," என்று போன வாரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

ஒரே ஒருவர் பாக்கி இருந்தார். அப்பாவின் சதுரங்கக் கூட்டாளியான தையல் மாமா.

எங்கிருந்தோ பிழைக்க வந்து கடை போட்டவர். சாயங்காலமானால் இரண்டு பேரும் அங்கே பலகையை விரித்துவிடுவார்கள். வீட்டில் போரைப் பற்றி மூச்சு விடாத அப்பா அவரிடம் மட்டும் பேசுவார். ஏன் என்று கேட்டால், "நானும் அவனும் அந்த மேட்டுல ஒரே நாள்ல மறுபடி பொறந்தவங்க," என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

வாடகை வண்டி பிடித்து ஓடினாள். தையல் மாமா மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"மாமா, நீங்க அந்த மேட்டுல இருந்தீங்கதானே? அப்பாவை அங்க பார்த்தீங்கதானே?"

"பார்த்தேம்மா." அவர் பார்வை எங்கோ போயிருந்தது. "விடியக்காலம். ஒரே பனி. கீழேருந்து எறும்பு மாதிரி ஊர்ந்து ஏறி வந்தாங்க. முதல் ஆளா உங்கப்பா."

"அதை மட்டும் வந்து சொல்லிடுங்க மாமா. போதும்."

"என்னால முடியாதும்மா. நான் அங்க என்ன பண்ணேன்னு தெரிஞ்சா இந்த ஊரே என் முகத்துல காறித் துப்பும். உங்கப்பன் ஒருத்தன்தான் தெரிஞ்சும் என்னைச் சேர்த்துக்கிட்டான்."

அவளுக்குப் பளிச்சென்று விளங்கியது. பாவம், சண்டை நடுவில் பயந்து ஓடியவர்! அதை மறைத்து வைத்துக்கொண்டு இத்தனை காலம் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறார்.

"ஓடினா என்ன மாமா? அப்போ நீங்க மீசை முளைக்காத பையன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வாங்க மாமா!" அவர் காலைப் பிடித்துக் கதறினாள். அவர் முகத்தை மூடிக்கொண்டாரே தவிர, இடத்தைவிட்டு அசையவில்லை.

வெறும் கையோடு திரும்பி வந்தாள். தெருவே தோட்டத்து வாசலில் திரண்டு நின்றது. காவலாளி சங்கிலியைக் கையில் எடுத்துவிட்டான்.

"பொது மயானத்துக்கே விட்டுரட்டுமாக்கா?" என்றான் டிரைவர்.

அவள் வண்டிக் கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். "மன்னிச்சிருங்கப்பா. என்னால முடியலப்பா."

அப்போதுதான் கூட்டம் விலகியது. சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு தையல் மாமா வந்துகொண்டிருந்தார். நேரே வண்டிக்குப் போய் அப்பாவின் நெற்றியில் கையை வைத்தார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, இவரைப் போர்க்களத்துல நீங்க கண்ணால பார்த்தீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"பார்த்தேன்."

"அடையாளம் தப்பியிருக்காதே?"

"இதோ, நீங்க நிக்கிற தூரம்தான். கையில துப்பாக்கியோட நின்னான்."

அதிகாரிக்கு அப்பாடா என்றிருந்தது. காவலாளியிடம் சங்கிலியைக் கீழே போடச் சொல்லிக் கைகாட்டினார். "ரொம்ப நன்றிங்கய்யா. நீங்களும் அதே பட்டாளம்தானே?"

தையல் மாமா திரண்டு நின்ற ஊரை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். மகளையும் பார்த்தார்.

"இல்ல தம்பி. எதிரிப் பட்டாளம். அவன் சுட்ட குண்டு இன்னும் என் தொடைக்குள்ளதான் இருக்கு."