சக்கரம் வைத்த வீடு

மண்வெட்டியை ஓங்கிய தெய்வானை அப்படியே நின்றாள்.

யாரும் பார்க்கவில்லை.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மும்முனைக் கரண்ட் மதியம் இரண்டு மணிக்கு வந்தது, ஆறு வரை இருக்கும். தென்னைகளுக்குத் தண்ணீர் கட்டுவது இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. வாய்க்கால் தண்ணீர் ஒன்றுதான் அந்த வீட்டில் அவள் சொன்ன பேச்சைக் கேட்கும்.

வாய்க்காலுக்குக் கீழே வண்டித்தடத்தில் அந்த வேன் நின்றது.

வேன் என்றால் வெறும் வேனா? வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவத் தொட்டி, கூரைமேல் சோலார் தகடு. கொழுந்தன் சபரியும் அவன் பெண்டாட்டி சிந்துஜாவும் பெங்களூரிலிருந்து இதை ஓட்டிக்கொண்டு வந்து, குடும்பத் தோட்டத்து ஓரத்தில் நிறுத்தி, அதற்குள்ளேயே குடித்தனம் வைத்துவிட்டார்கள். ஒன்றரை வருடம் ஆகிறது. பெரிய வீட்டில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது, கேட்டால் இதுதான் பிடித்திருக்கிறதாம்.

ஊரே சிரித்தது. தெய்வானையும் சிரித்தாள்.

பிறகு ஒரு மத்தியானம் அந்த வேனின் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்தாள்.

பட்டப்பகலில். உள்ளே தாழ் போட்டு.

பெரிய வீட்டில் பகலில் கதவு சாத்தும் வழக்கமே கிடையாது. தலைவலி என்றாலும் அவள் நடுக்கூடத்தில்தான் படுக்கவேண்டும். வருகிறவர் போகிறவர் எல்லாம் "என்ன, படுத்துட்டே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் அணையவே இல்லை.

சிந்துஜாவுக்கு இரண்டே தட்டு. கழுவிக் கவிழ்த்தால் வேலை முடிந்தது. கொடுத்து வைத்தவள்!

ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. சக்கரம் இருந்து என்ன, அவர்களும் இங்கேதானே கிடக்கிறார்கள்.

முந்தாநாள் சபரி அந்தப் புல்லைப் பிடுங்கி எறிந்தான். சக்கரத்துக்குக் காற்றடித்தான். கன்னியாகுமரி வரை ஒரு நடை போய்வருவதாகப் பேச்சு.

கடல்.

அதை அவள் காலண்டரில்தான் பார்த்திருக்கிறாள். ஒருநாள் வாய்தவறி இதைச் சிந்துஜாவிடம் சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் எங்கே போக? வீட்டுப் பசு அவள் கை பட்டால்தான் சுரக்கும்.

இன்று காலை வேனுக்குள் மூன்றாவதாக ஒரு சீட்டை சபரி பொருத்தினான். அதில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். சாய்ந்து பார்த்தாள். எழுந்து மறுபடி தொப்பென்று உட்கார்ந்து பார்த்தாள். வாயெல்லாம் பல்.

ஓகோ.

அவளுக்குக் கடல். தெய்வானைக்குச் சாணி.

மண்வெட்டி இறங்கியது. ஒரு வெட்டு. இரண்டு. மூன்றாவது வெட்டில் கரை வழிவிட்டது. தண்ணீர் தயங்கவில்லை, நேராக வண்டித்தடத்துக்கு ஓடியது.

களிமண். அரைமணி நேரம் தண்ணீர் நின்றால் மாடே காலை எடுக்க முடியாது. கேட்டால் எலி குடைந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். எலி குடையாத வரப்பு எந்த ஊரில் இருக்கிறது?

வரப்பில் உட்கார்ந்து பார்த்தாள். முன்சக்கரம் நனைந்தது. பின்சக்கரம் நனைந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேன் ஒரு பக்கம் சாய்ந்து அமர்ந்தது.

போ. இப்போது போ, பார்க்கலாம்.

எத்தனை நாளைக்கப்புறம் நெஞ்சு குளிர்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

பெரிய வீட்டுப் பக்கமிருந்து சிந்துஜா வந்தாள். பாதி ஓட்டம், பாதி நடை. கையில் ஒரு துணிப்பை.

"உங்களை எங்கெல்லாம் தேடறதுங்க்கா! காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பறோம். ரெண்டு சீலையை இதுல எடுத்து வைங்க. முன்னாடியே சொன்னா மாட்டைச் சாக்குச் சொல்லுவீங்கன்னுதான் சொல்லலை. பசுவை உங்க வீட்டுக்காரரே பார்த்துக்குவாராம், ஒரு வாரமா ஒளிஞ்சு ஒளிஞ்சு கறந்து பழகிட்டிருக்காரு."

தெய்வானைக்கு முதலில் புரியவில்லை.

"சீட்டு உங்களுக்குத்தாங்க்கா. அத்தைதான் உக்காந்து பார்த்தாங்க. 'அவளுக்கு இடுப்பு வலி, சொல்லமாட்டா. மெத்தையை இன்னும் ரெண்டு விரக்கடை ஏத்துங்க'ன்னாங்க."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

இருபத்திரண்டு வருடத்தில் மாமியார் ஒரு நாளாவது இடுப்பைப் பற்றிக் கேட்டதுண்டா? இல்லை. ஆனால் பார்த்திருக்கிறாள்.

சிந்துஜாவின் சிரிப்பு நின்றது. தண்ணீர்ச் சத்தம் அப்போதுதான் அவள் காதில் விழுந்தது போல. வண்டித்தடத்தைப் பார்த்தாள். சாய்ந்து நிற்கும் தன் வீட்டைப் பார்த்தாள். பிறகு வாய்க்கால் கரையை. இரண்டு பக்கமும் நேராக வெட்டியிருந்தது. பிறகு மண்வெட்டியை. கடைசியாகத் தெய்வானையின் முகத்தை.

எலி என்று சொல்லவேண்டும்.

தெய்வானை வரப்பிலிருந்து எழுந்தாள்.

சிந்துஜா துணிப்பையை வரப்பின்மேல் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள்.

"எலிதான் குடைஞ்சிருக்கும்க்கா" என்றாள். "மம்முட்டியைக் குடுங்க."

நீட்டிய கையைச் சிந்துஜா மடக்கவில்லை.