முப்பத்தாறு டிகிரி

புகழ்பெற்ற ஒரு சைபர்பங்க் நாவலின் நாயகனுக்கு இரண்டு கைகளும் எஃகு. அவனை வைத்து ஜெரால்டு என்பவனின் ராக் இசைக்குழு ஒரு ஆல்பமே போட்டது. மேடையில் எஃகுக் கைகளோடு கிட்டார் வாசிக்கும் ஜெரால்டைப் பார்த்து ரசிகர்கள் தங்கள் கைகளையும் எஃகாக மாற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். அவனுடையவை மட்டும் சொந்தக் கைகள்மேல் மாட்டிய வெறும் உறைகள் என்பது அவன் மனைவிக்கும் மேனேஜருக்கும்தான் தெரியும்.

எஃகு என்றால் தொட்டதும் ஜில்லென்று இருக்க வேண்டுமே. அதனால் கைகளை உறையோடு ஐஸ் வாளியில் முக்கி எடுத்த பிறகுதான் ஜெரால்டு ரசிகர்களைச் சந்திப்பான். இன்று ராயபுரம் அரங்கில் கூட்டம் முண்டியடித்ததில் அது விட்டுப்போயிற்று. உறைக்குள் வியர்வை அரித்தது. இருப்புக்கொள்ளாமல் கால் மாற்றி மாற்றி நின்றான்.

வரிசையில் வந்த இளம்பெண் பளபளக்கும் கைகளை நீட்டினாள்.

"என் பேரு வதனி சார். போன மாசம்தான் மாத்துனேன், உங்களப் பாத்துதான். வீட்ல யாரும் பேசறதில்ல."

குலுக்கிய கையை அவள் விடவில்லை. அவள் மணிக்கட்டில், தொட்டதன் வெப்பத்தைக் காட்டும் ஓர் எண் ஒளிர்ந்தது: முப்பத்தாறு டிகிரி.

அது உயிருள்ள கையின் சூடு என்று ஜெரால்டுக்குப் புரிந்தது. இவள் வாயைத் திறந்தால் பின்னால் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். கையை இழுத்துப் பார்த்தான், பிடி அசையவில்லை.

அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவனுக்கு மட்டும் கேட்கும்படி மெல்லக் கேட்டாள்.

"சூடா இருக்கா சார்? எதத் தொட்டாலும் எனக்கு நம்பர் மட்டும்தான் வருது."