ரெண்டு வெடி

“சார், நாளைக்குக் காலையில பகவதி கோயில்ல குண்டு வைக்கப் போறான்.”

போனைக் காதோடு அமுக்கிக்கொண்டு ரகசியக் குரலில் சொன்னாள் சுப்புலக்ஷ்மி. எதிர்முனைப் போலீஸ்காரர் பதறாமல் விலாசம் கேட்டார். ஆரியசாலையில் வீடு, எங்களுக்கு மேல் மாடியில் வாடகைக்கு இருக்கிறவன், பேர் அன்சார் என்று ஒப்பித்துவிட்டு வைத்தாள். வைத்த கையோடு கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டாள்.

“யாரும்மா போன்ல?” சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள் மகள் காந்திமதி. நிறைமாசம்.

“போலீசுட்டி.”

விஷயத்தைக் கேட்டதும் காந்திமதி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“ஏசி மெக்கானிக் அண்ணனையா? நேத்துகூட கேஸ் சிலிண்டரைத் தூக்கிட்டு வந்து வச்சாருல்லா?”

“தூக்கி வச்சா நம்பிரணுமோ? பையைத் திறந்தா பூரா வயரும் குழாயும். வடக்க எங்கயோ குண்டு வெடிச்சதுல இருந்து டிவியில என்ன சொல்லுதான்? சந்தேகமா எதைக் கண்டாலும் போலீசுல சொல்லுங்கன்னுதான? என் ரெண்டு காதால கேட்டேன்ட்டி. படியில நின்னு போன்ல பேசுதான். ‘நாளெ ராவிலெ பகவதி கோவிலில் ரண்டு வெடி, ஆரும் அறியண்டா’ன்னு. மலையாளம் வரலைன்னா, வெடியும் கோயிலும்கூடவா புரியாது?”

நாளைக் காலையில் மகளை அந்தக் கோயிலுக்குத்தான் கூட்டிப்போவதாக இருந்தாள்.

“இன்னொண்ணு கேளு. முந்தாநாள் என்கிட்ட, ‘மோளுடெ நாள் ஏதா அம்மா?’ன்னு கேக்கான். நீ பிள்ளை பெறுத நாள் இவனுக்கு எதுக்கு? நானும் வெள்ளந்தியா புதன்கிழமைன்னு சொல்லித் தொலைச்சேன். தலையைச் சொறிஞ்சுக்கிட்டே போறான்.”

திருநெல்வேலியிலிருந்து இந்த மலையாளத்து ஊருக்கு வந்து ஆறு மாசம் ஆகியும் அம்மாவுக்கு அக்கம்பக்கம் ஒட்டவில்லை. டிவி மட்டும்தான் ஒட்டியிருந்தது.

ஜீப் வந்தது. ஒரு எஸ்.ஐ., இரண்டு போலீஸ்காரர்கள், கூடவே ஒரு நாய். தெருவில் ஒரு ஜன்னல் பாக்கியில்லாமல் தலை முளைத்தது. நாய் மாடி அறையை முகர்ந்தது, பையை முகர்ந்தது, சோற்றுப் பாத்திரத்தைக் கூடுதலாக முகர்ந்தது. பிறகு படுத்துக்கொண்டது.

அன்சாரைக் கீழே கூட்டிவந்தார்கள். கைலியும் பனியனுமாக நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

வீட்டுக்காரர் ஓடிவந்தார். “சார், எனக்கு ஒண்ணும் தெரியாது. இன்னைக்கே இவனைக் காலி பண்ணச் சொல்லிடறேன்.”

“கொஞ்சம் சும்மா இருங்க” என்றார் எஸ்.ஐ. அவர் எல்லையோரத்துப் பாறசாலைக்காரர், தமிழ் தடையில்லாமல் வந்தது. “அம்மா, உங்க காதுல விழுந்ததை அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை மாத்தாம.”

சுப்புலக்ஷ்மி சொன்னாள்.

எஸ்.ஐ. அன்சார் பக்கம் திரும்பினார். “வெடி வழிபாடா?”

“அதே சாரே.”

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“அம்மா, உங்க ஊர்ல பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய் போடுவீங்கல்லா? அதுமாதிரி இங்க அம்மனுக்கு வெடி. நேர்ந்துக்கிட்டா, கோயில் ஆளே மைக்குல நம்ம பேரைச் சொல்லி வெடி போடுவார். தினம் நடக்கிறது.”

சுப்புலக்ஷ்மி லேசில் விடுகிற ஆள் இல்லை.

“அவரு பாய்தான? அவருக்கு எதுக்கு நம்ம கோயில்ல நேர்ச்சை? அதையும் யாருக்கும் தெரியவேண்டாம்னு ஏன் சொல்லணும்?”

“நியாயமான கேள்விதான்” என்றார் எஸ்.ஐ. “சொல்லுடா. யாருக்கு நேர்ந்தே?”

அன்சார் சுப்புலக்ஷ்மியை ஒரு தடவை பார்த்தான்.

“சொல்லித்தான் ஆகணுமா சாரே?”

“சொல்லணும். இல்லன்னா ஸ்டேஷனுக்கு வரணும்.”

அன்சார் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“என் தங்கச்சி பிரசவத்துக்கு, அடுத்த வீட்டுச் சேச்சி அங்கதான் ரெண்டு வெடி நேர்ந்தாங்க. தாயும் பிள்ளையும் சுகமா வீட்டுக்கு வந்தாங்க. அதான் கீழ்வீட்டுப் பெண்ணுக்கும் நேர்ந்தேன். நான் நேர்ந்ததுன்னு தெரிஞ்சா அம்மாவுக்குச் சங்கடமா இருக்கும்னு, ஆரும் அறியண்டான்னு பறஞ்சேன்.”

சுப்புலக்ஷ்மி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“கோயில்ல வேலை பாக்கிற கூட்டுகாரன்கிட்டதான் சொல்லிவச்சேன் சாரே. பேர் கொடுத்தாச்சு. நாள்தான் கிடைக்கல. அம்மாகிட்ட கேட்டா புதன்கிழமைன்னாங்க. அப்படி ஒரு நாளே இல்லையேன்னு அவன் சிரிக்கிறான்.”

எஸ்.ஐ.க்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“இங்க நாள்னா பிறந்த நட்சத்திரம் அம்மா. அதைத்தான் கேட்டிருக்கான்.” ஜீப்பில் ஏறப்போனவர் நின்றார். “போன் பண்ணது தப்பில்லை. சந்தேகம் வந்தா இனியும் பண்ணுங்க, நாங்க வருவோம். ஆனா பக்கத்துல இருக்கிறவன்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.”

ஜீப் போனது. வீட்டுக்காரர் ஏற்கெனவே நழுவியிருந்தார். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

அன்சார் படியேறத் தொடங்கினான்.

சுப்புலக்ஷ்மிக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தாள். அழுகை முந்திக்கொண்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள்.

“சதயம்” என்றாள். “என் மக நாள் சதயம், தம்பி.”