தலை அசையக் கூடாது

1987 இட ஒதுக்கீட்டு மறியலுக்காகச் சங்கராபுரம் சாலையில் வெட்டிப் போட்டிருந்த புளியமரத்தில் மோதி, வெள்ளிமலை ஆஸ்பத்திரி ஜீப் கவிழ்ந்தது. மறியல்காரர்கள் ஓடிவந்தார்கள். நர்ஸ் மணிமொழி பதற்றத்தை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"தோளப் புடிச்சி தூக்காதீங்க. முதுகெலும்பு ஒடைஞ்சிருக்கலாம். சீக்கிரம் ஒரு கதவக் கழட்டிக்கினு வாங்க."

சாலையோர வீட்டுக்காரரான பாவாடை, தன் வீட்டுக் கதவையே கழற்றி வந்தார்.

"நாலு பேரு ஒண்ணா தூக்கிக் கதவுல வைங்க. தலை அசையக் கூடாது. தலைக்கு ரெண்டு பக்கமும் மண்ணு மூட்டை வைங்க."

அப்படியே செய்தார்கள். மற்றவர்கள் மரத்தைப் புரட்டி வழிவிட்டார்கள்.

"கால்ல உணர்ச்சி இருக்குதான்னு கிள்ளிப் பாருங்க."

பாவாடை கால்மாட்டில் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"ரெண்டு தரம் கிள்ளிட்டேம்மா. அழுத்தியே கிள்ளினேன்."

கதவின்மேல் மல்லாந்து, வானத்தையே பார்த்துக்கொண்டிருந்த மணிமொழி கேட்டாள்:

"எப்ப கிள்ளினீங்க?"